விருந்துக்கு ஒரு கியாரண்டி

செங்கரைச் சமஸ்தானத்து ராஜா அழகுவீரர் ஆசைப்பட்டு வாங்கிய பொருள்கள் எத்தனையோ உண்டு. ஆனால் பட்டணத்திலிருந்து வந்திறங்கிய புது சைக்கிளைப் பார்த்ததும் மனுஷர் குழந்தையாகிவிட்டார். அரண்மனை முற்றத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினார். மூன்றாவது சுற்றில் விழுந்தார். எழுந்தவர் தன் முழங்காலைப் பார்க்கவில்லை; சைக்கிளைத்தான் தடவிப் பார்த்தார்.

சைக்கிளைக் கொண்டுவந்த கம்பெனி ஏஜெண்ட் கோதண்டம் அதைக் கவனித்துவிட்டார். மெல்லப் பக்கத்தில் வந்தார்.

“மகாராஜா, இதற்கு ஒரு வருஷம் கியாரண்டி உண்டு. அதற்குள் பழுதானால் கம்பெனி பொறுப்பு.”

“அதற்கப்புறம்?”

ஏஜெண்ட் ஒரு பெருமூச்சு விட்டார். “இரும்புதானே, மகாராஜா! எப்போது என்ன ஆகும் என்று யார் கண்டது? இன்னும் நூறு ரூபாய் கட்டினால் மேலும் ஐந்து வருஷத்துக்கு நீட்டித்துத் தருகிறோம். கவலையில்லாமல் மிதிக்கலாம்.”

நூறு ரூபாய் அப்போது சின்னத் தொகை அல்ல. கஜானாவில் மிச்சமிருந்ததே ஏரி மதகைப் பழுதுபார்க்க ஒதுக்கிய பணம்தான்.

“மதகை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்” என்றார் ராஜா.

பக்கத்தில் நின்றிருந்த அரசவைக்காரர் வெள்ளியம்பலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாய்ச் சாமர்த்தியத்தாலேயே ராஜாவின் பக்கத்தில் இடம்பிடித்தவர் அவர். மழைக்கு இன்னும் ஒரு மாதம்தான். மதகு பெயர்ந்தால் கீழ்ப்பக்கத்து வயலெல்லாம் போய்விடும்.

“மகாராஜா, கியாரண்டித் தாளை நான் ஒரு தடவை படித்துவிடட்டுமா?”

“படி. ஆனால் ஒன்று, வெள்ளியம்பலம். வேண்டாம் என்று நீ தடுத்து, அப்புறம் சைக்கிள் படுத்துவிட்டால், அது ஓடாத ஒவ்வொரு நாளும் நீதான் என்னைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். சம்மதமா?”

வெள்ளியம்பலம் ராஜாவின் தொப்பையைப் பார்த்தார். தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “நாளை மத்தியானம் பதில் சொல்கிறேன், மகாராஜா” என்று தாளோடு வீட்டுக்குப் போனார்.

தாளின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் நாலு வரி. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி நாற்பது வரி. வெள்ளியம்பலம் வாசலில் வெளிச்சம் இருக்கும்வரை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பாதியில் சிரிக்க ஆரம்பித்தவர், முடியும்வரை நிறுத்தவில்லை.

மறுநாள் மத்தியானம் ஏஜெண்டுக்கு அரண்மனையில் விருந்து. உள்ளே நுழையும்போதே வெள்ளியம்பலம் ஒரு தாளை நீட்டினார்.

“வயிறு நிறைய விருந்து என்று கியாரண்டி கொடுக்கிறோம், ஐயா. கீழே ஒரு கையெழுத்து.”

நெய் வாசனை மூக்கைத் துளைத்தது. ஏஜெண்ட் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, ராஜாவுக்கு எதிரே உட்கார்ந்தார். தலைவாழை இலை விரித்தார்கள். பரிசாரகர் ராஜாவுக்குச் சோறு வைத்தார். ஏஜெண்டைத் தாண்டிப் போய்விட்டார்.

“எனக்கு?”

வெள்ளியம்பலம் தாளைப் பிரித்தார். “‘உபயோகத்தால் தேய்ந்துபோகும் பொருள்களுக்குப் பொறுப்பில்லை.’ சோறு சாப்பிடச் சாப்பிடத் தேய்ந்துவிடுமே, ஐயா.”

சாம்பார் வந்தது. அதுவும் தாண்டிப் போனது.

“‘ஈரம் பட்டவை சேராது.’ சாம்பாரில் தண்ணீர் இருக்கிறது. ரசத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.”

“அப்பளமாவது போடச் சொல்லுங்களேன்!”

“கை வைத்தால் உடையும். ‘உபயோகிப்பவர் அழுத்தியதால் உடைந்தால் கம்பெனி பொறுப்பல்ல.’”

ராஜா வாயில் வைத்த கவளத்தை விழுங்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜெண்டின் முகம் சிவந்துவிட்டது.

“பசி உயிர் போகிறது, ஐயா!”

“அதற்கும் வழி எழுதியிருக்கிறது. பசித்த வயிற்றை உங்கள் செலவில் பட்டணத்து ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டவேண்டும். அவர்கள் சோதித்து, பசிதான் என்று ஒப்புக்கொண்டால் ஆறு வாரத்தில் பாயசம் வரும்.”

“இது என்ன அக்கிரமம்! இப்படி ஒரு விருந்து உலகத்தில் உண்டா?”

“நான் ஒன்றும் சொந்தமாக எழுதவில்லை. உங்கள் தாளின் பின்பக்கம்தான். சைக்கிள் என்று இருந்த இடத்தில் விருந்து என்று மாற்றினேன், அவ்வளவுதான்.”

ராஜா இரண்டு தாள்களையும் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். “டயர் சேராது. டியூப் சேராது. செயின், பிரேக், சீட்... அடப் பாவி! அப்புறம் எதற்குத்தான் கியாரண்டி?”

“இலைக்கு, மகாராஜா. இலையில் ஓட்டை இருந்தால் உடனே வேறு இலை. சைக்கிளில் அந்த இலைதான் பிரேம். மற்றது எது போனாலும், நூறு ரூபாய் கட்டினாலும் கட்டாவிட்டாலும், நம் ஊர்க் கொல்லரிடம்தான் போகவேண்டும்.”

“பிரேம் உடையுமா, ஐயா?” என்று ராஜா ஏஜெண்டைக் கேட்டார்.

ஏஜெண்ட் தலையைக் குனிந்துகொண்டார். “ஒன்பது வருஷமாக விற்கிறேன், மகாராஜா. உடைந்து பார்த்ததில்லை.”

ராஜா கியாரண்டித் தாளை மடித்து ஏஜெண்டிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு கணக்கரைக் கூப்பிட்டு, மதகு வேலையை நாளைக்கே தொடங்கச் சொன்னார். ஏஜெண்டுக்கும் சோறு போடச் சொன்னார். பாவம், அந்த மனுஷர் தலை நிமிராமல் சாப்பிட்டார். மூன்றாவது தடவை சோறு வாங்கி, பாயசத்தில் கை வைத்தபோதுதான் முகம் மலர்ந்தது.

அந்தச் சமயம் பார்த்து வெள்ளியம்பலம் குனிந்து அன்பாகக் கேட்டார். “உங்களுக்கென்று சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருப்பீர்களே, ஐயா?”

“இருக்கிறது, இருக்கிறது. இதே மாதிரிதான்.”

“அதற்கு ஐந்து வருஷக் கியாரண்டி வாங்கிவிட்டீர்களா?”

பாயசத்தின் ருசியில் தன்னை மறந்திருந்த ஏஜெண்ட் சொன்னார்:

“எனக்கென்ன பைத்தியமா!”

ராஜா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்து வெள்ளியம்பலத்துக்குப் போர்த்தினார்.