அடுத்த வீட்டு மாடியை எடுத்துக்கொண்ட ராஜா

நீ செய்தது தப்பு. பெயரைச் சொல்ல மாட்டேன், தெருவைச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாய், கதை வேறு யாருக்கோ என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு. உனக்குச் சேராத ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளைகளுக்கு மட்டும் நாணயத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறாய். அவர்கள் உன் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே சாப்பிட்டு எழுந்து போகிறார்களே, ஏன் என்று ஒரு நாளாவது யோசித்தாயா? மற்றவர்களும் கேளுங்கள். முக்கியமாக நீ கேள்.

ஆடு மேய்க்கிறவர்கள் ராஜாவாகிக்கொண்டிருந்த காலம் அது. கிர்சோர் என்று ஒரு மலை நகரம். அங்கே ஒலிவ மரம் நிறைய, அத்தி மரம் நிறைய, வெயில் அதைவிட நிறைய. காற்று மட்டும் கிடையாது. இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு சந்து; அதன் வழியாகச் சாயங்காலமானால் மேற்குக் காற்று உள்ளே வரும். வந்த காற்று நகரத்திலேயே ஒரே ஒரு மொட்டைமாடியில்தான் இறங்கும். அரண்மனை மாடியில் இல்லை. அரண்மனைக்கு அடுத்த வீட்டு மாடியில்.

கிர்சோரின் ராஜா யெரோகாமுக்கு இது பொறுக்கவில்லை. நாலு ராஜ்யங்களை ஜெயித்தவன். அவன் வியர்வையில் ஊறிக்கிடக்க, சணல்நூல் விற்கிற ஒரு விதவையின் தலைக்குமேல் காற்று சும்மா வந்து போகிறது.

அந்த விதவையின் பெயர் அசூபாள். மாடியில் சணல் தண்டைக் காயவைத்து, உரித்து, நூலாக்கி, சந்தையில் விற்றுத் தனியாளாக முன்னுக்கு வந்தவள். விலை சொன்னால் சொன்னதுதான்.

ராஜா யோசித்தான். வீட்டை எடுத்தால் அநியாயம் என்பார்கள். அதனால் வீட்டை எடுக்கவில்லை. சுவர் அவளுக்கே, தரை அவளுக்கே, அடுப்பும் அவளுக்கே. மாடி மட்டும் எனக்கு என்றான். மாடிக்கு ஏறுகிற திறப்பைப் பலகையால் மூடி, ஏணியை அவள் வீட்டுக்குள்ளேயே தள்ளிவிட்டு, அரண்மனையிலிருந்து அந்த மாடிக்கு நேராக ஒரு படிக்கட்டு கட்டிக்கொண்டான்.

அசூபாள் வந்தாள். "ராஜாவே, என் சணல் எங்கே காயும்?"

"வீட்டுக்குள்ளேயே விரித்துப் போடு, அம்மா. உனக்கும் நிழலாயிற்று."

"நிழலில் சணல் காயாது. அழுகும்."

"எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறக்கும்" என்று சொல்லி, ராஜா படியேறிப் போய்ப் படுத்துக்கொண்டான். ஏழு கோடை அந்தக் காற்றில் நன்றாகத் தூங்கினான்.

இப்போது அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நகர வாசலில் இடுப்புயரக் கல் ஒன்று உண்டு. ஒருவனுடைய குற்றத்துக்குத் தீர்ப்புச் சொல்ல வருகிறவன், ராஜாவே ஆனாலும், முதலில் அந்தக் கல்லில் கையை வைத்து, 'இந்தத் தப்பு என்னிடம் இல்லை' என்று சொல்ல வேண்டும். இருந்தால் முதலில் தன் தப்பைச் சொல்லி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு தீர்ப்புச் சொல்லலாம். பொய் சொல்லிக் கல்லைத் தொட்டவன் வீட்டில் அடுப்பு எரியாது என்பது நம்பிக்கை. ராஜாவும் நம்பினான். சாப்பாட்டு விஷயத்தில் அவன் துணிந்து இறங்குகிறவன் இல்லை.

ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் ஏலோத், நடுவன் சக்கூர், கடைசி மிப்சாம். மூன்று பேரும் அப்பா படியேறிப் போவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

மூத்தவன் ஒரு குயவனின் சுவரை எடுத்துக்கொண்டான். அந்தச் சுவரின் நிழல் அவன் குதிரைக்குப் பிடித்துப்போயிற்று. குயவன் அழுதுகொண்டு வந்தான். ராஜா வாசல் வரைக்கும் போனான், கல்லைப் பார்த்தான், "சுவர்தானே, வீட்டுக்குள் வெளிச்சம் வரும்" என்று சொல்லித் திரும்பினான்.

நடுவன் ஒரு மாவரைப்பவனின் கதவைக் கழற்றிக்கொண்டு வந்தான். ராஜா வாசல் வரைக்கும் போனான், கல்லைப் பார்த்தான், "கதவுதானே, விருந்தாளிகளுக்கு வசதி" என்று சொல்லித் திரும்பினான்.

கடைசிப் பிள்ளை, ஒரு தோட்டக்காரனின் கிணற்றில் மேல்பாதித் தண்ணீர் தன்னுடையது என்றான். தோட்டக்காரன் கீழ்பாதியை எடுக்க வழி தெரியாமல் வாளியோடு வந்து நின்றான். ராஜா இந்தத் தடவை வாசலுக்கே போகவில்லை.

ராணி கேட்டாள். "பெற்ற பிள்ளைகளை ஒரு வார்த்தை கண்டிக்கக் கூடாதா? நாக்கில் என்ன, கட்டியா?"

"பெரியவர்களானால் சரியாகிவிடுவார்கள்."

"மூத்தவனுக்குத் தாடி நரைத்துவிட்டது."

ராஜா காற்று வாங்கப் போனான்.

ஊரில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும், பிள்ளைகள் அரண்மனைக்குள் ஆரம்பித்தார்கள். மூத்தவன் கூடத்தை எடுத்துக்கொண்டான். நடுவன் சமையற்கட்டை எடுத்துக்கொண்டான். கடைசிப் பிள்ளை படிக்கட்டை எடுத்துக்கொண்டான். கூடத்தில் இருந்தவர்களுக்குச் சோறு இல்லை. சமையற்கட்டில் இருந்தவர்களுக்கு வெளியே வர வழி இல்லை. படிக்கட்டில் இருந்தவர்களுக்கு நடுப்படியில் உட்காருவதைத் தவிர வேலை இல்லை. ராணி ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி ரொட்டி இழுத்துச் சாப்பிட்டாள்.

பத்து நாள் இப்படிப் போயிற்று. பதினோராம் நாள் மூத்தவன் சமையற்கட்டுக் கதவை இடித்தான். நடுவன் ஒரு குழம்புச் சட்டியைக் கொதிக்கக் கொதிக்க அண்ணன் ஆட்கள்மேல் ஊற்றினான். சேவகர்கள் மூன்றாகப் பிரிந்தார்கள். "நாளைக் காலையில் முற்றத்துக்கு வா, ஈட்டியோடு வா, இரண்டில் ஒருவன்தான் திரும்பிப் போவான்" என்று அண்ணனும் தம்பியும் பேசி முடித்துக்கொண்டார்கள். ஏழு கோடையில் அந்த வீட்டில் இரண்டு பேர் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

ராஜா பயந்தான். பிள்ளை சாகப்போகிறான், எந்தப் பிள்ளை என்பதுதான் தெரியவில்லை. தீர்ப்புச் சொன்னால் சண்டை நிற்கும். வாசல்கல்லில் சொன்ன தீர்ப்பை மீறினால் ஊரே அவனோடு பேச்சை நிறுத்திவிடும். ஆனால் யார் சொல்வது?

மந்திரியை அனுப்பினான். மந்திரி கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். "ராஜாவே, போன கோடையில் உங்களோடு அந்த மாடியில் உட்கார்ந்து திராட்சை சாப்பிட்டேன்."

ஆசாரியரை அனுப்பினான். ஆசாரியர் கல்லுக்கு ஒரு முழம் தள்ளியே நின்றார். "ராஜாவே, அந்த மாடி உங்களுக்கு நிலைக்கட்டும் என்று ஆசீர்வாதம் பண்ணியதே நான்தான்."

சேனாபதியை அனுப்பினான். "ராஜாவே, கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று நினைக்கிறீர்கள்?"

அரண்மனையில் அந்த மாடிக்குப் போகாத உயிர் ஒன்றே ஒன்றுதான், வண்ணானின் கழுதை. அதையே நியாயாதிபதியாக நியமித்தார்கள். குளிப்பாட்டி, சால்வை போர்த்தி, முன்னங்காலைத் தூக்கிக் கல்லில் வைத்தார்கள். வழக்கை வாசித்தார்கள். கழுதை கத்தியது. தங்களுக்குத்தான் ஜெயம் என்று மூத்தவன் ஆட்கள் கைதட்டினார்கள். இல்லை, எங்களுக்குத்தான் என்று நடுவன் ஆட்கள் கைதட்டினார்கள். கழுதை சால்வையைத் தின்ன ஆரம்பித்தது. மந்திரி எழுந்து, தீர்ப்பு தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தார்.

மறுநாள் விடிந்தது. என்ன செய்யலாம் என்று யோசிக்க ராஜா மாடிக்குப் போனான். அவன் போன கையோடு மிப்சாம் படிக்கட்டின் வாயைக் கல் அடுக்கி அடைத்துவிட்டான்.

"மிப்சாம், திற."

"படி என்னுடையது, அப்பா. மாடி உங்களுடையது. நான் உங்கள் மாடிக்கு வந்தேனா?"

ராஜா மாடியின் ஒரு ஓரத்துக்கு ஓடினான். கீழே அரண்மனை முற்றம்; பிள்ளைகள் இரண்டு பேரும் ஈட்டியைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மறு ஓரத்துக்கு ஓடினான். கீழே சந்தை; ஒருவன் வெங்காயம் விற்றுக்கொண்டிருந்தான். குதிக்கலாம் என்றால் இரண்டாள் உயரம், ராஜாவோ ஒன்றரை ஆள் கனம்.

அப்போதுதான் பலகை ஞாபகம் வந்தது. மண்டிபோட்டு அதைப் பெயர்த்து, திறப்புக்குள் தலையை விட்டான். முகத்தில் புகை அடித்தது. கீழே அசூபாள் பயறு வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"அசூபாள், ஏணி இருக்கிறதா?"

"இருக்கிறது, ராஜாவே. நீங்கள் தள்ளிவிட்ட இடத்திலேயே இருக்கிறது."

"எடுத்துச் சாத்து. நான் இறங்க வேண்டும்."

"என்ன அவசரம்? சாயங்காலம் நல்ல காற்று வருமே."

"என் பிள்ளைகள் ஒருவரையொருவர் குத்திக்கொள்ளப் போகிறார்கள், அம்மா."

அசூபாளின் கரண்டி நின்றது. "இறங்கினால் மட்டும் என்ன செய்வீர்கள்? வாசலுக்குப் போவீர்கள், கல்லைப் பார்ப்பீர்கள், திரும்புவீர்கள்."

ராஜாவுக்கு வியர்த்தது. பேரத்தில் இறங்கினான். "சரி. காலையில் மாடி உனக்கு. சாயங்காலம் எனக்கு."

"காலையில் பனி. சணல் நனையும்."

"பாதிப் பாதி. கிழக்குப் பாதி உனக்கு."

"வெயில் மேற்கில் விழுகிறது. அது தெரிந்துதான் சொல்கிறீர்கள்."

முற்றத்தில் யாரோ முரசடித்தார்கள். ராஜா குரலைத் தாழ்த்தினான். "முழு மாடியும் உனக்கே. ஆனால் ஒன்று. ராஜா இரக்கப்பட்டு ஒரு விதவைக்குத் தானம் பண்ணினார் என்று ஊரில் சொல்ல வேண்டும்."

அசூபாள் அழுகின சணலில் ஒரு கட்டை எடுத்து அடுப்பில் திணித்தாள். கிளம்பின புகையில் ராஜா இருமி இருமிக் கண்ணீர் விட்டான்.

"என் மாடியை எனக்கே தானமா?" என்றாள். "உங்களைவிடக் கழுதை மேல். அது வாய் திறந்து பொய் சொல்லவில்லை."

"பின்னே என்னதான் கேட்கிறாய்?"

"எடுத்தேன் என்று சொல்லுங்கள். சந்தைக்குக் கேட்கிற மாதிரி. அதற்குக் குறைந்து ஏணி இல்லை."

ராஜா எழுந்து ஓரத்துக்குப் போனான். ஏதோ முணுமுணுத்தான்.

"எனக்கே கேட்கவில்லை" என்றது திறப்பிலிருந்து குரல்.

தொண்டையைச் செருமினான். "இந்த ஊரில் ஒரு மாடி எடுக்கப்பட்டுவிட்டது" என்றான்.

"யார் எடுத்தது? குருவியா?"

மறுபக்கத்தில் முரசு நின்றது. ஏலோத் ஈட்டியைத் தோளுக்கு மேலே தூக்குவதை ராஜா பார்த்தான். பார்த்ததும் அவன் வயிற்றிலிருந்து குரல் கிளம்பியது.

"அசூபாளின் மாடியை நான் எடுத்தேன். கேட்டு எடுக்கவில்லை, எனக்கு மாடி இல்லாமல் எடுக்கவில்லை. காற்றுக்கு ஆசைப்பட்டு எடுத்தேன். என் பிள்ளைகள் என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்."

வெங்காயக்காரன் தராசைக் கீழே வைத்தான். சந்தை முழுக்க அண்ணாந்து பார்த்தது. முற்றத்தில் ஏலோத்தின் ஈட்டி தூக்கின இடத்திலேயே நின்றது. அவன் கேள்விப்படாத செய்தி இல்லை; ஆனால் அப்பாவின் வாயால் கேட்டதில்லை.

ஏணி வந்தது. ராஜா இறங்கினான். இறங்கும்போதுதான் அந்த வீட்டின் உள்ளே முதன்முதலாகப் பார்த்தான். தரையெல்லாம் சணல். கட்டில் இருந்த இடத்தில் சணல். சுவரெல்லாம் பூஞ்சை. ஒரு மூலையில் ஒரு ஆள் சாய்ந்து உட்காருகிற அளவுக்கு மட்டும் இடம்.

"எங்கே படுக்கிறாய்?" என்று கேட்டான்.

"உட்கார்ந்தே தூங்கிப் பழகிவிட்டேன்" என்றாள்.

ராஜா நேராக நகர வாசலுக்குப் போனான். கல்லில் கையை வைத்து, சொன்னதை இன்னொரு தடவை சொன்னான். மாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றான். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னான். சுவர் குயவனுக்கு, கதவு மாவரைப்பவனுக்கு, தண்ணீர் அடிவரைக்கும் தோட்டக்காரனுக்கு. அரண்மனையில் சமையற்கட்டும் படிக்கட்டும் கூடமும் எல்லோருக்கும்.

மிப்சாம் போய்ப் படிக்கட்டை அடைத்த கல்லைப் பிரித்தான். சக்கூர் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு போனான். ஏலோத் ஈட்டியைக் கீழே போட்டான், ஆனால் வீட்டுக்குள் போகவில்லை.

"ஏழு கோடைக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால், நான் அந்தக் குயவன் சுவரைத் தொட்டிருக்க மாட்டேன், அப்பா. தம்பிமேல் ஈட்டி தூக்கியிருக்கவும் மாட்டேன். இனி அவன் முகத்தில் எப்படி முழிப்பேன்?"

ராஜா மறுபடி கல்லைப் பார்த்தான். நரைத்த தாடியோடு மூத்தவன் வடக்குப் பாதையில் நடந்து போனான். திரும்பி வரவில்லை. யெரோகாம் சாகிற வரைக்கும் தினமும் வாசலில் உட்கார்ந்து அந்தப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அசூபாள் சந்தைக்குப் போகும்போது, "சாப்பிட்டீர்களா, ராஜாவே?" என்று கேட்டுவிட்டுப் போவாள். 

தன் தப்பை ஒத்துக்கொண்டு சரிசெய்யாத தகப்பன், தன் பிள்ளைகளைத் திருத்தும் வாயை இழந்துவிடுகிறான்.

கதை முடிந்துவிட்டது. இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய்? உன்னைத்தான். நாளைக்கு நல்ல நாள் பார்க்காதே, பெரியவர்களை வைத்துப் பேசலாம் என்று இழுக்காதே, பாதியைக் கொடுத்து முடிக்கப் பார்க்காதே. எழுந்திரு. யாரிடம் எடுத்தாயோ அவர்கள் வாசலுக்குப் போ. உன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போ. அவர்கள் காதில் விழும்படி, எடுத்தேன் என்று சொல்லி, முழுசாகத் திருப்பிக் கொடு.