‘நிறைந்திருக்கிறது’ என்று சொன்னவள்

கடற்கரைப் பட்டினம் ஒன்றில் வாணிகம் செய்த சாத்தப்பச் செட்டியாரின் கதை இது. அவர் விற்றது மிளகு என்று சொல்வோரும் உண்டு. மிளகென்றால் கப்பல்காரர் அடுத்த பருவத்தில் வந்து வாங்கிக்கொள்வார். அரிசிக்குக் காத்திருக்கும் அக்கரை ஊர்கள் அப்படிப் பொறுக்கமாட்டா. ஆகவே அரிசி என்பதே பொருந்தும்.

செட்டியாரின் கடையில் ‘இல்லை’ என்ற சொல் ஒலிக்கக் கூடாது. பண்டம் இருந்தாலும் தீர்ந்துபோனாலும் ‘நிறைந்திருக்கிறது’ என்றே சொல்ல வேண்டும். அவ்வழக்கம் வேறு கடைகளிலும் உண்டு. செட்டியாரோ அதைச் சட்டமாக்கினார். வாய்தவறி ‘இல்லை’ என்ற கணக்குப்பிள்ளை ஒருவரை அன்றே வேலையிலிருந்து நீக்கினார். வாசலுக்கு வருகிறவர் வெறுந்தரையைக் கண்ணாலேயே பார்த்துவிடுவதால், அச்சொல்லால் எவரும் ஏமாந்ததில்லை.

அரிசியைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கி இரண்டு காதம் தள்ளி இருந்தது. அதைக் காத்தவள் அங்கம்மாள்; கடையின் சட்டம் அவளுக்கும் உண்டு. கணவன் இறந்தபின் பதினோர் ஆண்டுகளாகச் சாவி அவளிடம். கிட்டங்கியை ஒட்டிய அறையே அவளுக்கு வீடு.

கப்பல்களை அக்கரைக்குக் கொண்டுசெல்லும் பருவக்காற்று திசை திரும்ப எட்டே நாள் இருந்தபோது, சேகு மரைக்காயர் கப்பலோடு வந்து அது கொள்ளுமட்டும் அரிசி கேட்டார். செட்டியார் தம் தூதாள் மூக்கனை அழைத்து, அரிசி இருக்கிறதா என்று அங்கம்மாளிடம் கேட்டுவரச் சொன்னார். மூக்கன் எதையும் ஒன்றுக்கு இரண்டாக்கிச் சொல்லும் பழக்கமுடையவன். அதனால், “அவ சொன்னதை மட்டும் கொண்டா. உன் சொந்தச் சரக்கைக் கலக்காதே” என்று கண்டித்தே அனுப்பினார்.

அங்கம்மாள் கதவை அகலத் திறந்து, பெருக்கிவிட்ட வெறுந்தரையைக் காட்டி, ‘நிறைந்திருக்கிறது’ என்றாள். மூக்கன் பார்த்தான். திரும்பிவந்து அந்தச் சொல்லை மட்டும் சொன்னான்.

செட்டியார் தாம் விரும்பிய பொருளையே அதில் கேட்டார். மரைக்காயருக்கு வாக்குக் கொடுத்தார். அதை நம்பிய மரைக்காயர், அரிசி தருவதாக வந்த இன்னொரு வணிகரைத் திருப்பி அனுப்பிவிட்டார். கிட்டங்கிக்குப் போன வண்டிகள் வெறுமையாக வந்தன. வேறிடத்தில் தேடி முடிப்பதற்குள் காற்றும் திரும்பிவிட்டது.

“உங்க கடையிலே எல்லாம் நிறைஞ்சுதான் இருக்கு, செட்டியாரே. என் கப்பல்தான் காலி” என்றார் மரைக்காயர். இரண்டு தலைமுறை உறவு அத்தோடு அறுந்தது.

செட்டியார் அங்கம்மாளைக் கடைக்கு வரவழைத்து, தவற்றை ஒப்புக்கொண்டு சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மூக்கனையும் வைதார். அவனோ, “சொன்னதைத்தானே கேட்டீக, கண்டதைக் கேக்கலையே” என்றான்.

அங்கம்மாள் இடுப்பிலிருந்த சாவியைத் தொடவில்லை. “நீங்க சொல்லச் சொன்னதைச் சொன்னேன். வேற சொல்லியிருந்தா அன்னைக்கே சாவியைப் பிடுங்கியிருப்பீக” என்றாள்.

“வாயாடாதே. அன்னைக்கு அரிசி இருந்துச்சா? அதை மட்டும் சொல்லு.”

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். தெருவரைக்கும் கேட்கும்படி, “இல்லை” என்றாள். “இன்னொரு தடவை கேட்டாலும் அதேதான், செட்டியாரே. இல்லை.”

சொன்னவள், கொண்டுவந்தவன், நம்பி வாக்குக் கொடுத்தவர்: இம்மூவரில் தவறியவர் யார்? சாவி யாரிடம் இருப்பது நியாயம்?

விடை: மூக்கன் கண்டதை மறைத்தான் என்பார்கள்; ஆனால் கண்ணைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போகும்படி அவனுக்குக் கட்டளையிட்டவர் செட்டியார். அங்கம்மாளோ, கிட்டங்கி முட்ட அரிசி இருந்திருந்தாலும் அதே சொல்லைத்தான் சொல்லியிருப்பாள். இருந்தாலும் ஒரே விடை, தீர்ந்தாலும் ஒரே விடை என்றால், அந்தக் கேள்வியால் அறியக்கூடியது ஏதுமில்லை. ‘இல்லை’ என்பதைத் தடுத்தவர், ‘இருக்கிறது’ என்பதை நம்பும் உரிமையையும் அப்போதே இழந்துவிட்டார். தவறு செட்டியாருடையது, சாவி அங்கம்மாளிடமே இருக்க வேண்டும். அவள் அதைக் கொடுத்துவிட்டுப் போனாள் என்று கதையை முடிப்போரும் உண்டு. எதற்காகக் கொடுத்தாள் என்று கேட்டால், அவர்களால் சொல்ல முடிவதில்லை.