எதிர்வீட்டம்மா எடுத்த சேலை

ஒரு ஊர்ல ஆவுடை ஆவுடைன்னு ஒருத்தி இருந்தாளாம். நல்லவதான், உழைப்பாளிதான், ஆனா எதிர்வீட்டு வடிவு ஒரு புதுக் குடம் வாங்கிட்டா அன்னைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. வடிவு சிரிச்சா வயிறு எரியும், வடிவு வீட்டு முருங்கை பூத்தா வயிறு எரியும், வடிவு சும்மா நின்னாக்கூட வயிறு எரியும். அப்படி ஒரு பொறாமை!

ஒரு நாள் துணி மூட்டையோட ஒரு வியாபாரி வந்தானாம். "அம்மா, மயில்கழுத்துப் பட்டு! ஒரு சேலைக்கு ஒரே ஒரு ஆடு"ன்னான். "எங்கிட்ட இருக்கிறதே ஒரு ஆடுதான், போப்பா"ன்னு ஆவுடை கதவைச் சாத்திட்டா. மறுநாளும் வந்தான், மறுபடியும் சாத்திட்டா. மூணாம் நாள் வந்தவன் மூட்டையை இறக்கவே இல்லை. "எதிர்வீட்டம்மா எடுத்துட்டாங்க. இன்னும் ஒண்ணுதான் இருக்கு. சரி, நான் வாறேன்"ன்னான்.

"யாரு, வடிவா?"

"ஆமாம்மா. 'ஆவுடையால இதெல்லாம் ஆகுமா'ன்னு வேற சிரிச்சாங்க."

ஆவுடைக்கு உச்சந்தலை கொதிச்சுருச்சு. சேலையைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை, ஓடிப்போய்ப் பால் கறக்குற ஆட்டை அவுத்து அவன் கையில குடுத்துட்டா. அவன் போறப்போ, "அம்மா, இதைப் பத்து நாள் பொட்டியிலேயே வைக்கணும், பதினோராம் நாள் கட்டுங்க. யார்கிட்டயும் சொல்லிராதீங்க, கண்ணு பட்டுரும்"னான்.

ஏன் அப்படிச் சொன்னான் தெரியுமா பிள்ளைகளா? அந்த நாட்டு ராஜா ஒரு சட்டம் போட்டிருந்தார். வாசல் தேடி வந்து ஒருத்தன் வித்த சாமான் பிடிக்கலைன்னா, பத்து நாளைக்குள்ள திருப்பிக் குடுக்கலாம், அவனும் வாங்கினதைத் திருப்பிக் குடுத்துரணும். பத்து நாள் தாண்டிட்டா அவன் தப்பிச்சான்!

ஆனா எட்டாம் நாள் கோயில் கொடைத் திருவிழா வந்துருச்சே! வடிவு கட்டிக்கிட்டு முன்னாடி போயிருவாளோ, ஊரே அவளைப் பார்க்குமோன்னு ஆவுடைக்கு நெஞ்சு அடிச்சுக்கிச்சு. எடுத்தா, கட்டினா, வாசலுக்கு வந்தா. பார்த்தா, எதிர்ல வடிவு, அதே சேலையில!

"ஏண்டி, என்னை ஏளனம் பண்ணிட்டு எடுத்தியாமே?"ன்னா ஆவுடை.

"நானா? நீதான் முதல்ல எடுத்தியாம், என்னால ஆகாதுன்னு சிரிச்சியாம்! அதைக் கேட்டுத்தானே என் ஆட்டைக் குடுத்தேன்!"

ரெண்டு பேரும் நடுத்தெருவுல கத்திக்கிட்டு இருக்கிறப்பவே மழை கொட்டிருச்சு. சாயம் ஓடுது, ஓடுது, ரெண்டு பேர் காலும் நீலமாயிருச்சு. வடிவு சேலையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. ஆவுடைக்கு அன்னைக்கு வயிறு எரியலை. 'அட, இவளும் என்னைப் பார்த்து இத்தனை நாளா எரிஞ்சிருக்காளே'ன்னு நினைச்சா, அப்புறம் அவ கையைப் பிடிச்சு, "வாடி, திருப்பிக் குடுக்க இன்னும் ரெண்டு நாள் இருக்கு"ன்னா.

ரெண்டு பேரும் சந்தைக்கு ஓடினாங்க. அங்கே அவன் ஆடுகளை விலை பேசிக்கிட்டு நிக்கிறான். ஆவுடை குரலைக் கேட்டதும் அவ ஆடு மேமேன்னு கத்துது. அப்படியே அவனை ராஜாகிட்ட இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.

"ராஜா, அவங்களே ஆசைப்பட்டு வாங்கினாங்க. கட்டி, நனைச்சுப்புட்டாங்க"ன்னான் அவன்.

"ஐயா, நாங்க ஆசைப்படலை, எரிஞ்சோம். எரிய வச்சது இவன் பொய்யி. நனையாம சாயம் எப்படித் தெரியும்? பத்து நாள் பொட்டியில வைன்னது எதுக்குன்னு கேளுங்க"ன்னா ஆவுடை.

ராஜா கேட்டார். அவன் மூட்டையைத் தூக்கிக்கிட்டு நழுவப் பார்த்தான்.

ஆடு ரெண்டும் வீடு திரும்புச்சு. மூட்டையில இருந்த சேலை அத்தனையையும் அவன் உடம்புல சுத்தி, மழையில மூணு தெரு நடக்க வச்சாங்க. "வாசல்ல வாங்கினதைப் பத்து நாளைக்குள்ள திருப்பலாம்! திருப்பலாம்! திருப்பலாம்!"னு அவன் வாயாலயே கத்த வச்சாங்க. மூணு மாசம் நீலமாவே திரிஞ்சான், ஒரு கதவு திறக்கலை.

ஆவுடைக்குப் பொறாமை போச்சான்னா, அது எங்கே போகும்! ஆனா வாசல்ல எவன் மூட்டையை இறக்கினாலும், "இருப்பா"ன்னுட்டுத் தெருவைத் தாண்டி வடிவுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வருவா.

கதை தன் ஊருக்கு நடந்துருச்சு, நீங்களும் கண்ணை மூடுங்க.