மைனாவின் கணக்கும் ஆள்காட்டியின் முட்டைகளும்

ஒரு காட்டில் அந்தக் கோடையில் யாரும் ஊற்று தோண்டவில்லை. கெட்டது அதுதான்.

மற்றக் கோடைகளில் தோண்டுவது உண்டு. ஆறு வற்றியதும் யானை மணலைக் காலால் தள்ளும். பன்றி மூக்கால் கிளறும். மான்கள் குளம்பால் ஓரத்தைச் சீவிவிடும். கொஞ்சம் ஆழம் போனால் தண்ணீர். காடு முழுதும் வந்து குடிக்கும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

அந்த வருடம் தோண்டாததற்குக் காரணம் ஒரு மைனா.

மைனா நகரத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் கூண்டில் இருந்ததாம். கடைக்காரர் கூண்டைச் சரியாகச் சாத்தாத ஒரு நாளில் பறந்து வந்துவிட்டது. கடையில் கேட்ட பேச்செல்லாம் அதன் வாயில் இருந்தது. முக்கியமாக, கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும் ஒரு வாக்கியம்:

"நாளைக்கு வாங்க சார், ரெடியா இருக்கும்!"

ஆற்றங்கரை மருத மரத்தில் உட்கார்ந்துகொண்டு மைனா காட்டுக்குச் செய்தி சொன்னது.

"மனிதர்களின் வேகம் உங்களுக்குத் தெரியாது. முதலில் வெறும் காலால் நடந்தார்கள். எவ்வளவு காலம்? ஒரு மலை தேயும் காலம். பிறகு மாட்டு வண்டி. அது ஓர் ஆலமரத்தின் ஆயுசு. பிறகு ரயில். ஓர் ஆமையின் ஆயுசு. விமானம், ஒரு யானையின் ஆயுசு. கையில் செல்போன், ஒரு நாயின் ஆயுசு. இப்போது கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் பெட்டி வந்திருக்கிறது. அது வந்து ஒரு முட்டை பொரியும் காலம்தான் ஆகிறது. கவனித்தீர்களா? ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சீக்கிரம்!"

விலங்குகள் வாயைப் பிளந்தன.

"அடுத்தது?" என்று கேட்டது யானை.

"அடுத்தது கண் இமைக்கும் நேரத்தில்! மழைக்கு முன்னால் பாருங்கள். மனிதர்களுக்கு நோய் இருக்காது, சாவு இருக்காது, வேலையும் இருக்காது. இந்தப் பூமியே அவர்களுக்குப் போதாது. நட்சத்திரத்துக்குக் குடிபோய்விடுவார்கள். வீடு, தோட்டம், பெரிய ஏரி எல்லாம் நமக்கு. நான் மாடி வீட்டில் இருப்பேன்."

"ஏரிக்கு எப்போது போகலாம்?" என்றது பன்றி.

"நாளைக்கு வாங்க சார், ரெடியா இருக்கும்!"

பன்றி ஒரு சோம்பேறி. அதற்கு ஒரே சந்தோஷம். "அப்படியானால் இந்த வருடம் ஊற்று எதற்கு? ஏரி வரப்போகிறது, நான் எதற்கு மூக்கைத் தேய்க்க வேண்டும்?"

அப்போது ஆற்று மணலிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"போச்சு! போச்சு! எல்லாம் போச்சு!"

ஆள்காட்டிக் குருவி. மெல்லிய கால், பெரிய தொண்டை. சருகு விழுந்தாலும் காட்டையே கூட்டிவிடும்.

"மைனாவின் கணக்கு சரி. முடிவுதான் தப்பு," என்றது ஆள்காட்டி. "அந்தப் பெட்டி சும்மா இருக்குமா? தானே யோசிக்கும். தானே இரும்பு யானை செய்யும். முதலில் மனிதர்களைத் தீர்க்கும். அப்புறம் இங்கே வரும். மழைக்கு முன்னால் காடும் இல்லை, நாமும் இல்லை. போச்சு!"

"நட்சத்திரம்!" என்றது மைனா.

"இரும்பு யானை!" என்றது ஆள்காட்டி.

"இந்த மணலைத் தாண்டி நீ எங்கே போயிருக்கிறாய், அக்கா? உனக்கு என்ன தெரியும்?"

"நீ மட்டும் எங்கே போனாய், தம்பி? கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாய். உனக்கு என்ன தெரியும்?"

இரண்டும் நல்ல கேள்விகள்.

யானை தும்பிக்கையைத் தூக்கியது. "அவசரம் வேண்டாம். இரண்டு பேர் சொல்வதையும் முழுதாகக் கேட்போம். கேட்ட பிறகு முடிவு செய்வோம்."

யானைக்கு யார் மனமும் நோகக் கூடாது. அதனால் அதனிடமிருந்து எந்த முடிவும் வராது.

தினமும் மரத்தடியில் கூட்டம். நட்சத்திரத்தில் புல் முளைக்குமா? இரும்பு யானைக்குத் தந்தம் உண்டா? மனிதர்களுக்குச் சாவே இல்லாவிட்டால் கழுகுகளுக்கு யார் பதில் சொல்வது? காலையில் தொடங்குவார்கள். வெயில் ஏறும் வரை பேசுவார்கள். தொண்டை காய்ந்ததும் போய்விடுவார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளிமான் நிற்கும். அதன் காலடியில் ஒரு குட்டி. பிறந்து சில நாள்தான். அடுத்த தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம். பெரியவை நடந்து போய்விடும். குட்டியால் முடியாது.

மான் தினமும் ஒரே வார்த்தை கேட்டது.

"ஊற்று?"

"மனித குலத்தின் கதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்," என்றது மைனா. "நீ ஊற்று என்கிறாயே!"

"பாவம், தாய். அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது," என்றது யானை. அதோடு உட்கார்ந்துவிட்டது.

சில நாள் போனது. நட்சத்திரக் கட்சி இளைத்தது. மனிதர்கள் குடிபோகும் அறிகுறியே இல்லை. அடிவாரத்தில் புதிதாக ஒரு வீடு வேறு கட்டினார்கள். பன்றி மெதுவாக எழுந்து ஆள்காட்டி பக்கம் போய்ப் படுத்தது.

"என்ன பன்றியாரே, கட்சி மாறிவிட்டீரா?" என்றது மைனா.

"யோசித்துப் பார்த்தேன். ஆள்காட்டி சொல்வதுதான் சரி. எல்லாரும் சாகப்போகிறோம்."

"அப்படியானால் ஊற்று?" என்றது மான்.

"சாகப்போகிறோம் என்கிறேன், நான் எதற்கு மூக்கைத் தேய்க்க வேண்டும்?"

ஆற்றில் கடைசியாக மிஞ்சியது பாறை இடுக்கில் ஒரு குட்டைத் தண்ணீர். ஒரு யானையின் காலடி அகலம் இருக்கும். ஒரு நாள் உச்சி வெயிலில் மான் குட்டியை அங்கே நடத்திக்கொண்டு வந்தது. குட்டி நாக்கை நீட்டும் முன் ஆள்காட்டி விர்ரென்று இறங்கியது. தண்ணீரில் வயிற்றை அழுத்தி உட்கார்ந்தது. வயிற்று இறகெல்லாம் நனைந்து ஊறியது. பாதித் தண்ணீர் இறகிலேயே போய்விட்டது.

"அக்கா, கொஞ்சம் விட்டு வை. குட்டிக்கு."

"எதற்கு? எல்லாம் போச்சு!" என்று கத்திவிட்டு, ஆள்காட்டி சொட்டச் சொட்ட மணலில் ஓடியது.

குட்டி மீதியை நக்கியது. அதற்குப் பிறகு பாறை ஈரமாக இருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

இதை ஒரு கீரி பார்த்துக்கொண்டிருந்தது.

கீரியை அந்தக் காட்டில் யாருக்கும் பிடிக்காது. முட்டை திருடி. கூட்டத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. அதுவும் வருவதில்லை. நீளப் பேச்சு அதற்கு ஆகாது.

'எல்லாம் போச்சு என்கிறவள் எதற்கு வயிற்றை நனைக்கிறாள்?' என்று கீரி யோசித்தது.

சூடான மணலில் சொட்டுச் சொட்டாக ஈரம். கீரி அதன் பின்னாலேயே போனது. முதல் சொட்டு காய்வதற்குள் கடைசிச் சொட்டைப் பிடித்துவிட்டது. அங்கே கூழாங்கற்களின் நடுவே, கல்லைப் போலவே புள்ளி போட்ட நாலு முட்டைகள். ஆள்காட்டி ஈர வயிற்றை அவற்றின் மேல் வைத்து உட்கார்ந்திருந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடக் கூடாதல்லவா?

கீரிக்குப் பசி. பாயலாம். ஆனால் நாலு முட்டை ஒரு வேளைக்கு. ஊற்று கோடை முழுவதற்கும். கீரி திரும்பி வந்துவிட்டது. வருகிற வழியில் மருத மரத்தையும் ஒரு முறை அண்ணாந்து பார்த்தது. மைனா வாயில் வைக்கோல் துண்டோடு பொந்துக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

மறுநாள் கூட்டம். கூப்பிடாமலே கீரி வந்தது. மரத்தடியில் நிற்காமல் நேரே மணலில் போய், கூழாங்கற்களின் பக்கத்தில் உட்கார்ந்தது.

பேசிக்கொண்டிருந்த ஆள்காட்டி பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு மணலுக்குப் பறந்தது.

"ஆள்காட்டி அக்கா," என்றது கீரி. "மழைக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்கிறாயாமே?"

"மு... முடியும்!"

"நிச்சயமா?"

"நிச்சயம்! போச்சு!"

"அப்படியானால் இந்த நாலும் எனக்கு." கீரி ஒரு முட்டையின் மேல் காலை வைத்தது. "பொரிந்துதான் என்ன செய்யப்போகிறது? வீணாகப் போவதை நான் தின்கிறேன்."

"தொடாதே! கண்ணைக் கொத்திவிடுவேன்!"

"ஏன்?"

"என் குஞ்சுகள் இந்தக் கரையில் ஓட வேண்டும்!"

"எந்தக் கரையில்? கரையே இருக்காது என்றாயே."

"அது... ஒருவேளை இருந்தாலும் இருக்கும்."

"ஒருவேளையா? இப்போதுதானே நிச்சயம் என்றாய்."

மரத்தில் மைனா கெக்கெக்கே என்று சிரித்தது. "நன்றாகக் கேட்டீர், கீரியாரே! இவள் எப்போதும் இப்படித்தான்."

கீரி தலையைத் தூக்கியது. "மைனா தம்பி, நீ மாடி வீட்டுக்குப் போகிறாய் இல்லையா? அந்தப் பொந்தை எனக்குக் கொடு. வைக்கோல் எல்லாம் போட்டு நன்றாக வைத்திருக்கிறாய். இப்போதே ஏறி வரட்டுமா?"

மைனா பதறிப்போய்ப் பொந்து வாசலை இறக்கையால் அடைத்துக்கொண்டது. வாயில் வந்தது இதுதான்:

"நாளைக்கு வாங்க சார், ரெடியா இருக்கும்!"

கூட்டம் சிரித்தது. யானை வயிறு குலுங்கச் சிரித்தது. சிரித்ததில் தொண்டை வறண்டு இருமல் வந்தது. இருமல் நிற்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லை.

சிரிப்பு நின்றது.

"இரண்டு பேரும் மழைக்கு அப்புறமும் இங்கேதான் குடும்பம் நடத்தப்போகிறார்கள்," என்றது கீரி. "எனக்குத் தாகமாக இருக்கிறது."

அதற்குள் மான் மணலைக் குளம்பால் கீறத் தொடங்கியிருந்தது. பக்கத்தில் குட்டி படுத்துக் கிடந்தது. கூப்பிட்டாலும் எழவில்லை.

யானை அதைப் பார்த்தது. முதல் முறையாக யாரையும் கேட்காமல் எழுந்தது. காலை மணலில் வைத்துத் தள்ளியது. "பன்றி, வா இங்கே."

"நான் எதற்கு மூக்கை..." என்று பன்றி தொடங்கியது. யானையின் முகத்தைப் பார்த்தது. வந்துவிட்டது.

தோண்ட வேண்டிய நாள் கடந்துபோயிருந்தது. தண்ணீர் கீழே இறங்கியிருந்தது. வழக்கமான ஆழம் வந்தது, வெறும் மணல். இன்னும் தோண்டினார்கள், சரளைக் கல். பன்றியின் மூக்கில் ரத்தம் கசிந்தது. ஆனாலும் அது மூக்கை எடுக்கவில்லை. யானையின் முட்டி வரை பள்ளம். அப்போதும் மணல்.

ஆள்காட்டி பள்ளத்தின் மேலே வட்டம் போட்டது. மைனா கிளையிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தது.

கல்லெல்லாம் வெளியே வந்தது. பன்றி மூக்கை ஆழமாக நுழைத்து ஒரு நெட்டு நெட்டியது. பள்ளத்தின் அடி லேசாகக் கறுத்தது. மேலேயிருந்து ஆள்காட்டிதான் அதை முதலில் பார்த்தது. அதன் தொண்டையிலிருந்து ஒரு புதுச் சத்தம் வந்தது.

"வந்துச்சு! வந்துச்சு! வந்துச்சு!"

கறுத்த மணல் பளபளத்தது. குமிழி விட்டது. கலங்கலாகத் தண்ணீர் ஊறியது.

யானை எல்லாரையும் தள்ளி நிறுத்தியது. தும்பிக்கையில் கொஞ்சம் எடுத்துக் குட்டியின் வாயில் விட்டது. குட்டி விழுங்கியது. மறுபடி விழுங்கியது. பிறகு தள்ளாடி எழுந்து, தானே பள்ளத்தில் இறங்கி, முகம் முழுதும் சேறாகக் குடித்தது. மான் அதன் முதுகை நக்கிக்கொடுத்தது.

அப்புறம் எல்லாரும் குடித்தார்கள். பன்றி சேற்றில் உருண்டு, "ஏரி என்ன பெரிய ஏரி!" என்றது.

முட்டைகளைக் கீரி தின்றதா என்று கேட்பீர்கள். இல்லை. யானை அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தது.

மழை வந்தது. ஆள்காட்டியின் குஞ்சுகள் கரையில் ஓடின. மைனாவின் பொந்தில் ஒரே கூச்சல். அந்த மழைக்குள் மனிதர்கள் நட்சத்திரத்துக்கும் போகவில்லை, இரும்பு யானையும் வரவில்லை. இனி வருமா? அந்தப் பேச்சு இன்னும் நடக்கிறது. மருத மரத்தடியில்தான். ஆனால் இப்போதெல்லாம் கோடை வந்தால் முதலில் ஊற்று, பிறகு கூட்டம்.

குட்டி வளர்ந்த பிறகு ஒரு நாள் கேட்டது. "அம்மா, அந்தக் கோடையில் என்னைக் காப்பாற்றியது யானை மாமாவா, பன்றி மாமாவா?"

"அவர்கள் தோண்டினார்கள்," என்றது மான். "தோண்ட வைத்தது அந்த முட்டை திருடி. கீரி."

நீதி: வருங்காலம் சொல்பவர் தம் கூட்டை என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு அவர் சொல்லை நம்பு.