இஸ்திரி வண்டிக் குடை

மாந்தோப்பு மூன்றாம் தெருவில் பெயரில் மட்டும்தான் மரம். நின்ற ஒரே வேப்பமரமும் புயலில் சாய்ந்துபோக, அதனடியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கன்னியப்பன்தான் பாவம், கீழே கரிப்பெட்டி, மேலே வெயில் என்று இரண்டு பக்கமும் வெந்தார். கடைசியில் ஒரு பெரிய குடை வாங்கி வண்டிமேல் கட்டிக்கொண்டார்.

அந்த நேரத்தில் மாநகராட்சி மேடம் ஒரு புங்கங்கன்றோடு வந்தார்.

"தெருவே சேர்ந்து நடணும். இளங்கன்னு, வெயில் தாங்காது, நிழல் கொடுங்க. ஒரு மாசத்துல வருவேன். உயிரோட இருந்தா வீட்டுக்கு ஒரு மரம். செத்துச்சோ, ஒண்ணும் கிடையாது!"

தெருவே சேர்ந்துவிட்டது. ஒரு கன்றை எத்தனை பேர் பிடிக்க முடியும்? கை எட்டாதவர்கள் கை எட்டியவர்களின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். முழங்கால் வலியால் மாடியைவிட்டு இறங்க முடியாத வேதவல்லி மாமி, கன்றில் ஒரு கயிற்றைக் கட்டச் சொல்லி மறுமுனையை பால்கனியில் பிடித்துக்கொண்டார். நட்டு முடித்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். மாமியும் கயிற்றோடு தட்டினார். கன்று பிடுங்கிக்கொண்டு வந்தது. மறுபடி நட்டார்கள்.

அடுத்து நிழல். சங்கத் தலைவர் ஆளவந்தார் கூட்டம் போட்டார்.

"நிழலுக்கு எங்கே போறது?"

"ஏதாவது மரத்தடியில வச்சிடலாமே," என்றார் செயலாளர் குணவதி.

"மரம்தான் இல்லையே!"

"அதுக்குத்தானே நடறோம்?"

அடேயப்பா, என்ன யோசனை! எல்லாரும் தலையாட்டினார்கள். அப்போதுதான் ஆளவந்தார் கண்ணில் குடை பட்டது.

"கன்னியப்பா, மரம் யாருக்கு நிழல் தரப்போகுது?"

"எனக்குத்தான் சார்."

"அப்போ அதுக்கு நிழல் யார் தரணும்?"

"நான்தான் சார்."

நியாயம் அவ்வளவு பளிச்சென்று இருந்ததால் கன்னியப்பனே குடையை அவிழ்த்துக் கொடுத்தார். பக்கவாட்டு வெயிலுக்குச் சுற்றிலும் தார்ப்பாய் கட்டினார்கள். மாதம் முழுக்கக் கன்று நிழலில், கன்னியப்பன் வெயிலில்.

மேடம் வந்து தார்ப்பாயை விலக்கினார். கன்று குச்சியாக நின்றது.

"அடப்பாவிகளா! பொட்டு வெயில்கூடப் படாம கொன்னுட்டீங்களே! உங்களுக்கு மரம் ஒரு கேடா? அந்தக் குடையையே நட்டு வச்சுக்குங்க!" என்று கத்திவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

கன்னியப்பன் ஆசையாகக் குடையை மடக்கப் போனார்.

"வையி கீழே!" என்றார் ஆளவந்தார். "மேடம் சொன்னது காதுல விழலையா?"

குழி வெட்டினார்கள். தெருவே சேர்ந்து குடையை நட்டது. மாமிக்கும் கயிறு போனது, இந்த முறை கை தட்டக்கூடாது என்ற உத்தரவோடு. வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, முள்வேலி போட்டார்கள்.

"வேர் பிடிக்கிற வரைக்கும் யாரும் கீழே நிக்கப்படாது," என்றார் ஆளவந்தார்.

வேலிக்கு வெளியே, உச்சி வெயிலில், கன்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னப்பா?" என்று பதறினார் குணவதி.

"ஒண்ணுமில்லம்மா. இது காய்க்கிறப்போ குட்டிக் குடையா ஒண்ணு கொடுப்பீங்களா? எம்பொண்ணு வெயில்லதான் ஸ்கூலுக்கு நடந்து போகுது."

ஆளவந்தார் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அவசரப்படாதே கன்னியப்பா. முதல்ல பூக்கட்டும்."