தெய்வானை குடிக்காத கஷாயம்

அக்கரையில் சண்டை மூண்டபோது ஆற்றைக் கடந்து ஓடிவந்தவர்கள், ஊருக்கு வெளியே வெறும் பொட்டலில் குடிசை போட்டிருந்தார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் செங்கமலம். பூவராகன் அவருடைய சீடர். வயதில் குருவைவிட மூத்தவர். எண்ணெய்க் கடையை மகனிடம் விட்டுவிட்டு வைத்தியம் கற்க வந்தவர்.

ஒருநாள் காலையில் அவர் முகம் வாடி வந்தார்.

"அம்மா, பொட்டல் குடிசையில் இருக்கிற தெய்வானைக்கு மறுபடியும் நீர்க்கடுப்பு. காய்ச்சலும் இருக்கு. மாசமா இருக்கிறவள். இப்படியே போனால் பிள்ளை தங்காது."

"என்ன கொடுத்தீங்க?"

"கொத்தமல்லிக் கஷாயம். தண்ணியும் நிறையக் குடிக்கச் சொன்னேன். ரெண்டையும் தொடமாட்டேங்கிறா. அவள் மட்டுமில்லை, அங்கே எந்தப் பொம்பளையும் பகலில் தண்ணி குடிக்கிறதில்லை. அது ஏன்னு புரியலை."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். சிரிக்கிறாங்க."

செங்கமலம் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இதைக் குடிச்சிட்டு அவங்க வாசலில் போய் உட்காருங்க. அந்தப் பொம்பளைங்க எழுந்து ஒதுங்கப் போகும்போதுதான் நீங்களும் போகணும்."

பூவராகன் குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். உச்சிப் பொழுதில் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். வெயில் சாயும்போது நெளிய ஆரம்பித்தார்.

"என்ன வைத்தியரே, உட்கார்ந்தபடியே கூத்தாடுறீங்க?" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டிருந்த பக்கத்துக் குடிசைக்காரி. சுருண்டு படுத்திருந்த தெய்வானைகூடச் சிரித்துவிட்டாள்.

"நீங்கல்லாம் எப்போ தாயி எழுந்திருப்பீங்க?"

"இருட்டணும். பொட்டலில் மறைவு ஏது? தோப்புப் பக்கம் ஒதுங்கினால் ஊர்க்காரங்க ஆளை விட்டு விரட்டுறாங்க. தண்ணியைக் குடிச்சிட்டு யார் அவஸ்தைப்படுறது?"

பூவராகன் பல்லைக் கடித்துக்கொண்டு இருட்டும்வரை இருந்தார். பெண்கள் கூட்டமாக எழுந்து ஒரு பக்கம் போனார்கள். அவர் எதிர்ப்பக்கம் ஓடினார்.

திரும்பி வந்து குருவிடம் சொன்னார்.

"தெய்வானையை இப்பவே இங்கே கூட்டிட்டு வாங்க" என்றார் செங்கமலம். "நம்ம கொல்லையில் மறைப்பு இருக்கு. குடிப்பாள்."

"சரிம்மா. மத்தவங்க? ஊரில் யாரும் அவங்களுக்கு இடம் தரமாட்டாங்களே."

"நம்ம மூலிகைத் தோட்டம் பொட்டலை ஒட்டித்தானே இருக்கு. காலையில் பாதியைப் பிடுங்கிட்டு, மறைப்புக் கட்டிக் கொடுங்க."

பூவராகன் பதறிப்போனார். "பாதியையா? அப்புறம் மருந்துக்கு என்னம்மா பண்றது?"

"அவங்க தண்ணி குடிச்சா மீதிப் பாதி போதும்."