காலிப் பை

அப்பாத்துரை நகராட்சியில் முப்பது வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே ஆசிரமத்தில் சேர்ந்துவிட்டார். குருவுக்கு அவரைவிடப் பதினாறு வயது குறைவு. அது முதல் வருடம் மட்டும் கொஞ்சம் உறுத்தியது.

மூன்றாம் வருட முடிவில் அவர் குருவிடம் கேட்டார்.

“சாமி, எனக்குக் காவி எப்போ?”

“என்ன அவசரம்?”

“அவசரம் இல்லை. உள்ளே நல்லாத் தேடிப் பார்த்துட்டேன். அழுக்குன்னு எதுவும் அகப்படலை. முப்பது வருஷம் அதையே தேடிப் பழகின கண்ணு சாமி இது.”

குரு சற்று யோசித்தார்.

“மலை மேலே ஒரு ஊர் இருக்காம். ரொம்பச் சுத்தமாம். நாளைக்குப் போய்ப் பார்த்துட்டு வருவோம். ஞாயிற்றுக்கிழமை காவியைப் பத்திப் பேசலாம்.”

பஸ் நின்ற இடத்தில் ஒரு மூங்கில் கதவு இருந்தது. காவலுக்கு மாதம்மா என்ற பெண்மணி. ஆளுக்கொரு துணிப்பை கொடுத்தார். வாயில் நாடா வைத்துத் தைத்த பை.

“ஊருக்குள்ள குப்பைத்தொட்டி கிடையாதுங்க. உங்க குப்பை உங்க பையில. சாயங்காலம் என்கிட்ட திறந்து காட்டிட்டு, கூடவே எடுத்துட்டுப் போயிடணும்.”

அப்பாத்துரை பையை நான்காக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார். மடிப்புக் கலையாமல் திருப்பிக் காட்ட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

ஊர் சொன்னது போலவே இருந்தது. கூரைகளில் சூரியத் தகடுகள். தெருவோரக் கல்வாய்க்காலில் ஓடும் தண்ணீரைக் குடிக்கலாம் போலிருந்தது. அப்பாத்துரை குனிந்து முகர்ந்து பார்த்தார். கடைப் பலகையின் அடியில் விரல் விட்டுத் தடவினார். பள்ளிக்கூடக் கழிப்பறை வரைக்கும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

“ஒரு ஈகூட இல்லை, சாமி” என்றார். புகார் சொல்வது போல் இருந்தது.

பஸ்ஸிலேயே தொடங்கிய இருமல் மலைக்காற்றில் அதிகமாயிற்று. இருமல் மிட்டாய் ஒன்றை வாயில் போட்டார். உறை கையில் மிஞ்சியது. குரு ஓடையில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய பை பாறை மேல் கிடந்தது. அப்பாத்துரை உறையை அதில் போட்டு நாடாவை இழுத்துக் கட்டினார். சீடனின் பாரத்தைக் குரு சுமப்பார் என்று அவர் பலமுறை கேட்டிருக்கிறார்.

மதியம் குரு மரத்தடியில் கண்ணயர்ந்தபோது பஸ் டிக்கெட்டும் அதே பைக்குள் போயிற்று. அப்புறம் ஆரஞ்சுத் தோல்.

நாலு மணிக்குக் கதவுக்கு வந்தார்கள். கடைசி பஸ் வெளியே உறுமிக்கொண்டிருந்தது.

மாதம்மா குருவின் பையைத் திறந்தார். மேலாக இருந்ததை எடுத்தார். தீர்ந்துபோன மூக்குப்பொடி மட்டை.

“சாமி பொடி போடுவீங்களா?”

“போடுவேம்மா. காலையில ஒரு தரம், மதியம் ஒரு தரம்.”

அப்பாத்துரை திகைத்துப் போனார். மூன்று வருடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்.

“சரி, போங்க சாமி” என்று மாதம்மா பையைக் கட்டிக் கொடுத்தார். பிறகு அப்பாத்துரையின் பையை உதறினார்.

“என்னங்க இது?”

“காலி” என்றார் அப்பாத்துரை. பெருமையை அடக்கிக்கொள்ளத்தான் பார்த்தார்.

“காலிப் பையை நான் விடறதில்லைங்க.”

“சுத்தமா இருந்தா விட மாட்டீங்களா?”

“காலிப் பையோட வர்றவங்களாலதான் நாங்க சனிக்கிழமை சனிக்கிழமை புதர் புதரா நுழைஞ்சு பொறுக்குறோம். எங்கே போட்டீங்க?”

“அம்மா, நான் முப்பது வருஷம் சுகாதார ஆய்வாளர்.”

“அப்போ எங்கே ஒளிக்கலாம்னு நல்லாத் தெரிஞ்சிருக்கும்.”

குரு வெளியே நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலையில இருமிட்டே வந்தீங்க. சட்டைப் பையில மிட்டாய் இருந்துது. இப்போ இல்லை. உறை எங்கே?” என்றார் மாதம்மா.

பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

“சாமி பையில இருக்கும். தவறி விழுந்திருக்கும்” என்றார் அப்பாத்துரை.

“நாடா கட்டின பையிலயா?”

குரு தன் பையில் கைவிட்டு உறையை எடுத்து நீட்டினார். அது அப்பாத்துரையின் பைக்கு வந்தது.

மாதம்மா கதவைத் திறந்தார். “எத்தனை வருஷமா கூட இருக்கார், சாமி?”

“மூணு வருஷம்.”

“பாவம்” என்றார் மாதம்மா. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

பஸ் இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை வந்தது. மூன்றாவது வளைவில் குரு பையைத் திறந்தார்.

“அப்பாத்துரை.”

“டிக்கெட்டும் என்னுதுதான், சாமி” என்று சொல்லி அவர் அவசரமாக அதை எடுத்துக்கொண்டார்.

“டிக்கெட்டைக் கேக்கலை.” குருவின் உள்ளங்கையில் ஆரஞ்சுத் தோல் இருந்தது. “நாம ஆரஞ்சு கொண்டு வரலையே.”

“இல்லை, சாமி.”

“அந்த ஊர்க் கடையிலயும் விக்கலை.”

இரண்டு வளைவுகள் போயின.

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு மரம்” என்றார் அப்பாத்துரை. “கழிப்பறையைப் பார்க்கப் போனேன் இல்லையா, அப்போ. ஒண்ணே ஒண்ணுதான், சாமி. எப்படியும் விழுற மாதிரிதான் இருந்துது.”

அப்பாத்துரை தோலை வாங்கித் தன் பையில் போட்டார். நாடாவை இறுக்கிக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, மடியில் வைத்துக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது.

“அப்போ ஞாயிற்றுக்கிழமை, சாமி?”

குரு ஜன்னலுக்கு வெளியே பலகையைப் பார்த்தார்.

“இன்னும் எட்டு வளைவு இருக்கு. அதுக்குள்ள பையை ஏன் கட்டிட்டீங்க?”